ரவுண்டானாவும் நடந்து போகிறவரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், 1976-ஆம் ஆண்டு சிவில் பிரிவில் படிப்பை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சில சுருக்கங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "அண்ணே, இருபது நிமிஷம் பேசணும். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி ஏற்கெனவே நாலு பேர் பேசுறாங்க. நீங்க தொழிலைப் பத்தி ஏதாவது சொல்லுங்க, பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். அவர் எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். இந்தக் காலத்தில் ஜூனியர் சொன்னால் சீனியர் கேட்டுத்தானே ஆக வேண்டும்! ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு ரவுண்டானாவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ரவுண்டானாவில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நாலு ரோடு சேரும் இடத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு சிலை, சுற்றிலும் பூச்செடி. அவ்வளவுதானே? நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் ஒன்றைப் போட்டும் வைத்தேன். நான் போட்ட அந்த வட்டத்தால் என் வீட்டிலேயே ஒருவர் தெருவில் இறங்கி நடப்பதை விட்டுவிட்டார். அதைச் சொல்லத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக் கொள்கிறேன்.

சிவில்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். டிராஃபிக் இன்ஜினியரிங் பாடத்தில் ரோட்டரியின் கொள்ளளவுக்கு ஒரு சூத்திரம் வரும். 280 டபிள்யூ என்று ஆரம்பிக்கும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி விடுதி வராந்தாவில் நடந்து நடந்து உருப்போட்டோமே, அதேதான்! அதில் நாலு எழுத்து உண்டு. டபிள்யூ என்பது வண்டிகள் கலந்து பிரியும் பகுதியின் அகலம். எல் என்பது அந்தப் பகுதியின் நீளம். இ என்பது நுழைவாயிலின் சராசரி அகலம். நாலாவது எழுத்து பி. அதைப் பெடஸ்ட்ரியன், அதாவது பாதசாரி என்று நினைத்து விடாதீர்கள்! ஒன்றுக்கொன்று குறுக்கே கலந்து போகும் வண்டிகளின் விகிதம் அது. ஆக, நாலு எழுத்திலும் நடந்து போகிறவர் இல்லை. அகலத்தைக் கூட்டு, நீளத்தைக் கூட்டு, வண்டி கூடுதலாகப் போகும் என்பதுதான் அந்தச் சூத்திரம் சொல்லும் பாடம். பெரிய வட்டம் போட்டவன் கெட்டிக்காரன்.

1985-ல் எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. தெற்கே ஒரு நடுத்தர ஊர். ஊரை ஒட்டிப் போகும் பெரிய சாலையும் புதுக் குடியிருப்புக்குப் போகும் சாலையும் சந்திக்கும் இடம். நடுத்தீவு மட்டும் 60 மீட்டர் விட்டம். நுழையும் வளைவுக்கு 50 மீட்டர் ஆரம், வெளியேறும் வளைவுக்கு 100 மீட்டர். வெளியேறும் வண்டி தயங்காமல் வேகமெடுத்துப் போகட்டும் என்று நுழைவைவிட வெளியேற்றத்துக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆரம் கொடுக்க வேண்டும் என்றுதான் படித்திருந்தோம். ஒவ்வொரு வாயும் 12 மீட்டர் அகலம். டிராயிங் பார்த்த மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். நடுவில் ரோஜாத் தோட்டம் வைத்தார்கள். திறப்பு விழா அன்று எனக்கு ஒரு கதர்த்துண்டு போர்த்தினார்கள்.

நாலு வருஷம் கழித்து அப்பா அந்தக் குடியிருப்பில்தான் மனை வாங்கி வீடு கட்டினார். மகன் போட்ட ரோடு என்று அவருக்கு ஒரு பெருமை. காய்கறிச் சந்தையும் காளியம்மன் கோயிலும் சாலைக்கு எதிர்ப்புறம். வீட்டிலிருந்து 300 மீட்டர்கூட இருக்காது. நான் லீவில் போயிருந்தபோது அம்மா ஒரு நாள் கேட்டார்: "ஏம்ப்பா, வட்டம் அழகாத்தான் இருக்கு. நான் எங்கிட்டுக் கூடி ரோட்டைத் தாண்டுறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் டிராயிங்கில் அப்படி ஓர் இடமே இல்லை.

கொஞ்ச நாள் அம்மா 300 மீட்டருக்கு ஆட்டோ பிடித்தார். பிறகு பக்கத்து வீட்டுப் பையனிடம் பை கொடுத்து அனுப்பினார். அப்புறம் கோயிலுக்குப் போவதையே குறைத்துக் கொண்டார். யாரும் அடிபடவில்லை, பேப்பரில் செய்தி வரவில்லை. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அந்த வட்டம் வெற்றிதான். 2009-ல் அம்மா காலமானார். அதுவரைக்கும் அந்தச் சந்திப்பை மாற்ற நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

இப்போது மாணவர்களுக்காகக் கணக்குக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், கரும்பலகை தேவைப்படாது.

வயதான ஒருவர் நொடிக்கு 0.9 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 12 மீட்டர் கடக்க 13 நொடிக்கு மேல் ஆகும். வளைவில் வண்டியின் வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உராய்வுக் குணகம் 0.2 என்று எடுத்தால், 100 மீட்டர் ஆரத்தில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தாராளமாகப் போகலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 13 நொடியில் ஏறக்குறைய 185 மீட்டர் வந்துவிடும். அதாவது 185 மீட்டருக்கு வண்டி எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் அம்மா காலை எடுத்து வைக்க முடியும். வட்டத்தைச் சுற்றி வரும் வண்டி எந்த வாயில் வெளியேறும் என்று 40 மீட்டருக்கு முன்னால்கூடத் தெரியாது. அம்மா தயங்கியதில் ஆச்சரியம் உண்டா?

இப்போது ஆரத்தை 25 மீட்டர் ஆக்குங்கள். வேகம் பாதியாகி 25 கிலோமீட்டருக்கு வந்துவிடும். நுழையவும் வெளியேறவும் ஒரே ஒரு தடம், 4 மீட்டர் அகலம் என்று வையுங்கள். கடக்க நாலரை நொடி போதும். அந்த நேரத்தில் வண்டி வருவது சுமார் 31 மீட்டர். 185 எங்கே, 31 எங்கே! அதோடு, வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்து, கையைக் காட்டி, நடந்து போய்விடலாம்.

உலகத்தில் ரவுண்டானாவின் கதையும் இப்படித்தான் பெரிதில் ஆரம்பித்துச் சிறிதுக்கு வந்தது. நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் 1905-லும், பாரிஸில் யூஜீன் ஹெனார் என்பவரின் யோசனைப்படி 1907-லும் வண்டிகளை ஒரே திசையில் சுற்ற விட்டார்கள். இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரில் 1909 வாக்கில் ஒரு வட்டம் வந்தது. அன்றைய பெரிய வட்டங்களில் ஒரு கோளாறு இருந்தது. உள்ளே நுழைகிறவருக்கு முன்னுரிமை என்று பல இடங்களில் பழக்கம். நெரிசல் நேரத்தில் எல்லாரும் உள்ளே புகுந்து, யாரும் வெளியே வர முடியாமல் வட்டமே பூட்டிக் கொள்ளும். 1966-ல் பிரிட்டன் அதைத் தலைகீழாக்கியது. வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். ஃபிராங்க் பிளாக்மோர் என்ற போக்குவரத்து ஆராய்ச்சியாளர் இதற்காகப் பாடுபட்டவர். இந்த ஒரு விதி வந்த பிறகு வண்டிகள் கலந்து பிரிய நீண்ட இடம் தேவைப்படவில்லை. நம் சூத்திரத்தில் உள்ள டபிள்யூவும் எல்லும் தேவையற்றுப் போயின. வட்டம் சின்னதாகலாம். குறுக்குச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றியதை ஆராய்ந்து 2000-ல் ஓர் அறிக்கை வந்தது. விபத்துகள் சுமார் 40 சதவீதமும், காயம் ஏற்படும் விபத்துகள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கும் குறைந்திருந்தன.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். கண்ணால் பார்த்தது 2014-ல். மகன் சான்டியாகோவில் இருக்கிறான். ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் செய்வதுபோல் நானும் பேரனைப் பார்க்கப் போனேன். ஒரு நாள் லா ஹோயாவுக்குக் கூட்டிப் போனான். அங்கே பேர்ட் ராக் என்று கடற்கரையை ஒட்டி ஒரு பகுதி. அதன் நடுவே லா ஹோயா பூலவார்டு என்ற கடைவீதி. முன்பு அது ஐந்து தடச் சாலை, வண்டிகள் பறந்து கொண்டிருக்குமாம். ஊர்க்காரர்களும் நகராட்சியும் பல வருஷம் பேசி, அதைப் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு தடமாக்கினார்கள். வரிசையாக ஐந்து சின்ன ரவுண்டானா போட்டார்கள். மிச்சமான அகலம் மரத்துக்கும் நடைபாதைக்கும் சாய்வாக வண்டி நிறுத்தவும் போனது.

அங்கே ஒரு காபிக் கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மகன், "என்னப்பா பாக்குறீங்க?" என்றான். "ரோடு பாக்குறேன்டா" என்றேன். ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழவி வந்தார். முதல் தடத்தைக் கடந்து நடுவிலுள்ள சின்னத் தீவில் நின்றார். எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வந்த கார் தானாக நின்றது. கடந்து போய் ரொட்டி வாங்கிக் கொண்டு, அதே வழியில் திரும்பி வந்தார். சிக்னல் இல்லை, போலீஸ்காரர் இல்லை. எனக்கு அந்த இடத்தில் யார் ஞாபகம் வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாணவர்களே, இதில் ஒரு நுட்பம் உண்டு. தினம் சுமார் 20,000 வண்டி போகும் சாலை எப்படி இரண்டு தடத்தில் அடங்கியது? சிக்னலில் சிவப்பு விழுந்தால் வண்டிகள் சேரும். சேர்ந்த கூட்டம் பச்சையில் சீக்கிரம் வடிய மூன்று தடம், நாலு தடம் தேவை. ஆக சிக்னலுக்காகத்தான் சாலை அகலமாகிறது. சின்ன ரவுண்டானாவில் கூட்டம் தேங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கொண்டே இருக்கும். ஒற்றைத் தட ரவுண்டானா ஒரு நாளைக்குச் சுமார் 20,000 முதல் 25,000 வண்டி வரை தாங்கும். சந்திப்பு சுருங்கினால் நடுவிலுள்ள சாலையும் சுருங்கலாம். மெதுவாகப் போகிறவர் நிற்காமல் போகிறார். அவசரமாகப் போகிறவர் சிக்னலில் நிற்கிறார். மொத்தப் பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இராது.

இன்னொரு விஷயம். ஒரே ஒரு ரவுண்டானா போட்டுவிட்டு நடக்கும் ஊர் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தெருக்கள் பின்னிப் பிணைந்திருக்க வேண்டும். அமெரிக்க ஆசிரியர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-ல் ஒரு குடியிருப்பின் அளவு கால் மைல் நடையில் அடங்க வேண்டும் என்றார். கால் மைல் என்றால் 400 மீட்டர், ஐந்து நிமிஷ நடை. இந்த 400 மீட்டருக்குள் நாலைந்து குறுக்குத் தெரு இருந்தால், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நேர்வழியில் போகும். ஒரே நீளமான மதில் போல் சாலை இருந்தால், எதிரே தெரியும் கடைக்கு அரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். எல்லாக் குறுக்குத் தெருவுக்கும் சிக்னல் வைக்க முடியாது என்பதால் சந்திப்புகளை அடைத்து விடுகிறோம். சின்ன ரவுண்டானாவாக இருந்தால் அடைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தெருவும் கொஞ்சம் சுமையை வாங்கிக் கொள்ளும்.

இதற்கு மாறான உதாரணமும் நம் நாட்டில் உண்டு. சண்டிகர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கார்பூசியே வகுத்த செக்டர் ஒவ்வொன்றும் 800 மீட்டருக்கு 1200 மீட்டர். செக்டருக்கு உள்ளே நிழலில் நிம்மதியாக நடக்கலாம். ஆனால் செக்டரைச் சுற்றி வேகச் சாலை, மூலைக்கு மூலை பெரிய வட்டம். பக்கத்துச் செக்டருக்கு நடந்து போவதுதான் சிரமம். பல வட்டங்களுக்குப் பின்னாளில் சிக்னலும் வைக்க வேண்டி வந்தது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ரவுண்டானா உண்டு. அங்கே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று தனிப் பாதைகள் போட்டுச் சாலைக்குக் கீழே கொண்டு போய்விட்டார்கள். அமெரிக்காவில் கார்மெல் என்ற ஊரில், 1996 முதல் 2023 வரை மேயராக இருந்த ஜிம் பிரெய்னார்ட் காலத்தில் 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானா வந்தன. ஆகவே ஊரில் எத்தனை வட்டம் என்று எண்ணிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பாட்டி எங்கே கடப்பார் என்று பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். பார்வையற்றவர்களுக்கு ரவுண்டானா கஷ்டம். சிக்னலில் வண்டிகள் நிற்பதைக் காதால் கேட்டு அவர்கள் கடக்க முடியும். சுற்றிக் கொண்டே இருக்கும் சத்தத்தில் எது நிற்கிறது, எது வருகிறது என்று தெரியாது. இரண்டு தட ரவுண்டானாவில் ஆபத்து கூடுதல். முதல் தடத்து வண்டி நின்று வழிவிடும், அதன் மறைவில் இரண்டாவது தடத்து வண்டி வந்துவிடும். அங்கே மேடான கடவையோ, பொத்தான் அழுத்தினால் எரியும் சிக்னலோ அவசியம். ஒரு பக்கம் ஓயாத வெள்ளமாக வண்டி வந்தால், மறு பக்கத்தார் நுழையவே முடியாது. நம் ஊரிலோ, வட்டத்துக்குள் இருப்பவருக்கு வழி விடவேண்டும் என்பதையே யாரும் மதிப்பதில்லை. வாயிலேயே பஸ் நிற்கும், ஷேர் ஆட்டோ நிற்கும், கரும்புச்சாறு வண்டியும் நிற்கும். பழக்கத்தைக் குறை சொல்கிறோம். 12 மீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்துவிட்டு, நிற்காதே என்று போர்டு வைத்தால் யார் கேட்பார்கள்? 4 மீட்டர் வாயில் யாரும் நிறுத்த முடியாது. ஹாரன் சத்தமே தூக்கி விரட்டிவிடும்!

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு நீங்கள் டிராயிங் டேபிளில், மன்னிக்கவும், கம்ப்யூட்டரில் ஒரு சந்திப்பு வரையும்போது இந்தக் கிழவன் சொன்ன நாலு விஷயத்தை மறக்காதீர்கள்.

ஒன்று, நடக்கும் கோட்டை முதலில் வரையுங்கள். வண்டியின் கோட்டை அதற்குப் பிறகு வரையுங்கள். இரண்டு, கடக்கும் இடத்தை வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு கார் நீளம் தள்ளி வையுங்கள். முன்னால் ஒரு கார் நுழையக் காத்திருக்க, அதன் பின்னால் மனிதர் கடந்து போவார். மூன்று, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு தீவு கொடுங்கள். குழந்தையோடு ஒரு தாய் நிற்க இரண்டு மீட்டர் அகலமாவது வேண்டும். நாலு, லாரி திரும்பாதே என்று யாராவது பயமுறுத்தினால் வட்டத்தைப் பெரிதாக்கி விடாதீர்கள். நடுத்தீவைச் சுற்றிக் கொஞ்சம் உயர்த்திய கல்பாவிய விளிம்பு போடுங்கள். லாரியின் பின்சக்கரம் அதில் ஏறித் திரும்பிவிடும், கார் ஏறாது. தீயணைப்பு வண்டியும் அப்படியே போய்விடும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி வாசலில் சாலை எப்படி இருக்கிறது என்று இன்று காலை வந்த எல்லாரும் பார்த்தீர்கள். எங்கள் காலத்தில் மாட்டு வண்டி போன சாலை. இன்று மாணவிகள் ஆறேழு பேராகக் கைகோத்துக் கொண்டு ஓடுகிறார்கள். முதல்வர் அவர்கள் அனுமதித்தால், இறுதியாண்டு சிவில் மாணவர்கள் ஒரு வாரம் அந்தச் சந்திப்பை எண்ணட்டும். வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. எத்தனை பேர் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்றும் எண்ண வேண்டும். பிறகு போலீஸ், நெடுஞ்சாலைத் துறை அனுமதியோடு மணல் மூட்டையும் பிளாஸ்டிக் கூம்பும் வைத்து ஒரு சின்ன ரவுண்டானாவைச் சோதித்துப் பார்க்கலாம். சரிப்பட்டால் கல் வைக்கலாம், சரிப்படாவிட்டால் மூட்டையைத் தூக்கிவிடலாம். இதற்கான செலவை 1976 செட் ஏற்றுக் கொள்ளும். நண்பர்களைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் அவர்கள் முறைப்பது தெரிகிறது!

என் பழைய வட்டத்துக்கும் இப்போது ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாய்களைச் சுருக்கி, நடுத்தீவுகள் வைத்து, கடக்கும் இடம் குறித்து வரைபடத்தோடு போன மாதம் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதிக் கொண்டிருப்பேன். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.